ஆள் மெலிந்தார், மெஷின் மெலியவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் "காஸ்ட்ரைட்டிஸ் டொக்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறப்பார்கள். அந்த 54 வயது வியாபாரியும் அப்படித்தான் வந்தார். காலையில் எழும்பினால் வயிறு உப்புசம், ஏப்பம் விட்டு விட்டு நெஞ்சு நோகிறது என்றார். வயிற்று அமிலத்துக்கான ஒமிப்ரசோல் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். அதே மருந்தைக் கூட்டி எழுதினேன். மூன்றாவது தடவை மனைவியும் கூட வந்தார். நோய் எதுவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் இரண்டு தடவையும் நான் விட்டது பிழை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆளை அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மனைவி, அந்த அக்கா, சொன்னது இதுதான்: "வயித்து வருத்தம் இருக்கட்டும் டொக்டர். ராவில இவற்ற மாஸ்க் விசில் அடிக்குது. பிரெஷர் குக்கர் மாதிரி. நான் ரெண்டு தரம் எழும்பிக் குசினிக்குப் போய்ப் பாத்திட்டன்."

நித்திரையில் மூச்சு தடைப்படுகிற வருத்தத்துக்காக இரவில் மாஸ்க் வழியே காற்றுத் தள்ளுகிற மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய மூக்குத் தண்டில் ஒரு சிவப்புத் தழும்பு இருந்தது, கண்ணாடி போடுகிறவர்களுக்கு இருப்பதைவிட மேலே, நெற்றிக்குக் கிட்ட. முதல் இரண்டு தடவையும் அது அங்கேதான் இருந்திருக்கும். நான் வயிற்றையே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இவருக்குப் புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம். 2021இல் பில் புத்தகத்துக்கு மேலேயே தலை சாய்ந்து நித்திரையாகிற நிலை. காலி வீதியில் சிவப்பு விளக்கில் கார் நின்றால் பின்னால் ஹோர்ன் அடித்துத்தான் எழுப்ப வேண்டும். குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று மனைவி சொல்வார். ஒரு நித்திரை ஆய்வுகூடத்தில் இரவு முழுக்கச் சோதித்தார்கள். உயரம் 168 சென்டிமீற்றர், நிறை 104 கிலோ, கழுத்துச் சுற்றளவு 44.5 சென்டிமீற்றர். மணிக்கு 46 தடவை மூச்சு முழுதாக நின்றது அல்லது கணிசமாகக் குறைந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் 71 சதவீதம் வரை இறங்கியது. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. அந்த மணிக்கணக்கை ஏ.எச்.ஐ. என்பார்கள். ஐந்துக்குக் கீழே இயல்பு, 30க்கு மேலே கடுமை. இவர் கடுமைக்குள் நன்றாகவே உள்ளே போயிருந்தார்.

இன்னோர் இரவு, மாஸ்க் மாட்டி காற்றின் அமுக்கத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். மல்லாக்கப் படுத்து கனவு நித்திரையில் இருக்கும்போதும் தொண்டை மூடாமல் இருந்தது 13இல். ஆகவே சீபாப் என்கிற அந்த மெஷினை 13இல் நிலையாக வைத்துக் கொடுத்தார்கள். அது சரியான முடிவு. மூன்றாம் நாளே மனிசன் புதுப் பிறவி எடுத்தவர்போல இருந்தார் என்று அக்கா இப்போதும் சொல்கிறார்.

அந்த 13 என்றால் என்ன? ஒரு உயரமான கிளாஸில் தண்ணீர் நிரப்பி, தம்பிலி குடிக்கிற குழலை 13 சென்டிமீற்றர் ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். குழலின் அடியில் முதல் குமிழி வெளிவர எவ்வளவு ஊத வேண்டுமோ அவ்வளவு அமுக்கம். அதை மெஷின் விடிய விடியத் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். வீட்டு மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை தரக்கூடியவை. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் குழு இந்த வைத்தியத்தை முதலில் எழுதியபோது ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்த அமுக்கம் 4.5 முதல் 10 வரைதான். 13 பயப்படுகிற எண் இல்லை, ஆனால் சும்மா வைத்திருக்கிற எண்ணும் இல்லை.

2023 டிசம்பரில் இவருக்குச் சீனி வருத்தம் தெரியவந்தது, மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி 8.1. இவர் நூறு தடவை சொன்னாலும் கேட்காத ஆள். மகள் ஒரே ஒரு தடவை அழுதாள், அதோடு இரவுக் கொத்து ரொட்டி நின்றது. இரவில் குரக்கன் புட்டும் மீன் குழம்பும். பாண் வாரத்துக்கு ஒரு நாள். விடியற்காலையில் கடலோர மரைன் டிரைவில், ரயில் போகிற சத்தத்தோடு, ஐந்து கிலோமீற்றர் நடை. பதினாலு மாதத்தில் 104 கிலோ 83 ஆனது. 21 கிலோ, அதாவது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்தப் பதினாலு மாதமும் அவர் என்னிடம்தான் வந்து போனார். ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டிப் பாராட்டினேன். சீனிக் குளிசை மெட்ஃபோர்மினைக் குறைத்தேன். கதிரையில் இருந்து எழும்பும்போது தலை சுற்றுகிறது என்றார், பிரெஷர் குளிசையைப் பாதியாக்கினேன். 104 கிலோ ஆளுக்கென்று எழுதியிருந்த எல்லாவற்றையும் 83 கிலோ ஆளுக்கு மாற்றினேன், ஒன்றைத் தவிர. மெஷின் என் மருந்துத் துண்டில் இல்லை. அது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. யாருடைய பட்டியலிலும் இல்லாத வைத்தியம் அது. விற்றவர்கள் ஃபில்டர் மாற்றுவார்கள், நெஞ்சு நோய் நிபுணரை அவர் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை, நானோ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சரி, அன்றைக்கு விஷயத்துக்கு வருவோம். மெஷினையும் மாஸ்கையும் பையில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் மேசையில் வைத்தார்கள். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க், பெரிய அளவு. தலையைச் சுற்றிப் போகிற பட்டியைப் பிடித்துப் பார்த்தேன். முன்பு வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடங்கியதால் ஒரு பழைய மடிப்பு வெளிறிப் போய் இருந்தது. இப்போது ஒட்டுகிற இடம் அதிலிருந்து நாலு சென்டிமீற்றர் உள்ளே. இரண்டு பக்கமும் அப்படித்தான். ஒட்டுப்பட்டியின் நுனி திரும்பி வந்து கொக்கியையே தொடுகிறது, இனி இறுக்க இடமில்லை. இடுப்பு பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டதை எனக்குப் பெருமையாகக் காட்டிய மனிதர்தான் இவர். முகமும் இடுப்போடு சேர்ந்து மெலிந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

மெமரி கார்டில் இருந்த கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டை எடுத்தோம். ஏ.எச்.ஐ. 1.4. அருமையான எண். அதைப் பார்த்துத்தான் ஃபில்டர் மாற்ற வந்த பையன் "மெஷின் சூப்பரா வேலை செய்யுது அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆனால் அதே தாளில் கீழே இரண்டு வரி. காற்றுக் கசிவு, இரவின் பெரும்பகுதியில் நிமிடத்துக்கு 41 லீற்றர் வரை. அந்த வகை மெஷினில் 24க்கு மேல் போனால் கசிவு அதிகம் என்று பொருள். பாவித்த நேரம் முன்பு சராசரி ஆறேகால் மணி, இப்போது நாலு மணி இருபது நிமிடம். மூன்று மணிக்குப் பிறகு பல நாட்களில் வரைபடமே இல்லை. கழற்றி எறிந்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

இந்த 1.4 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரையும் தூங்கவைத்தது அதுதான். மூச்சுத்தடை எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். அதைத் தடுக்க இவ்வளவு அமுக்கம் தேவையா என்று சொல்லாது. எட்டிலேயே திறந்து நிற்கக்கூடிய தொண்டையை 13இல் பிடித்து வைத்திருந்தாலும் எண் அழகாகத்தான் வரும். குளிசையில் மிதமிஞ்சினால் பிரெஷர் 90க்கு இறங்கி எங்களைக் கூப்பிடும். இங்கே அப்படி எந்த மணியும் அடிக்காது. இவருக்கு அடித்தது வயிறு.

எப்படி என்றால், தொண்டைக்குள் தள்ளப்படுகிற காற்றுக்கு இரண்டு வழி இருக்கிறது. நுரையீரல் ஒன்று, உணவுக்குழாய் இன்னொன்று. உணவுக்குழாயின் வாசலில் இருக்கிற தசை வளையம் ஓரளவு அமுக்கம்வரை மூடியே இருக்கும். தேவைக்கு மேல் தள்ளினால் காற்று அதையும் திறந்துகொண்டு வயிற்றுக்குள் இறங்கும். விடியும்போது வயிறு பலூன். இதற்கு ஒமிப்ரசோல் என்ன செய்யும்? அமிலத்தைக் குறைக்கும், காற்றைக் குறைக்காது.

மெலிந்தால் ஏன் குறைந்த அமுக்கம் போதும் என்று அண்ணை கேட்டார். நல்ல கேள்வி. தொண்டையின் அந்தப் பகுதி எலும்போ குருத்தெலும்போ தாங்காத மென்குழாய். சுற்றிலும் கொழுப்பு இருந்தால் அது உள்ளே தள்ளும். முக்கியமாக நாக்கு. நாக்கிலும் கொழுப்பு சேரும் என்பது பலருக்குத் தெரியாது. 2020இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடம்பு மெலிந்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூச்சுத்தடை குறைந்ததற்கு அதிகம் பொறுப்பு நாக்குக் கொழுப்புக் குறைந்ததே என்று கண்டார்கள். வயிற்றுக் கொழுப்புக்கும் பங்கு உண்டு. வயிறு பெரிதாக இருந்தால் நுரையீரல் மேலே தள்ளப்படும், மூச்சுக்குழாயைக் கீழே இழுத்து விறைப்பாக வைத்திருக்கிற பிடி தளரும். வயிறு குறைந்தால் அந்த இழுவை திரும்பும்.

இனித்தான் எல்லாரும் சறுக்குகிற இடம். நான் "இரண்டு நாள் பொறுங்கோ, நிபுணரோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். வீட்டில் மருமகன் பொடியன் ஒருவன் இருக்கிறான். வீடியோ பார்த்து, இரண்டு பொத்தானை ஒன்றாக அமுக்கி, வைத்தியர்களுக்கான மெனுவைத் திறந்து, 13ஐ நேரே 6க்குக் கொண்டுவந்துவிட்டான். முதல் இரண்டு இரவும் சொர்க்கம் என்றார் அண்ணை. வயிறு ஊதவில்லை, விசில் இல்லை, ஆறு மணி நேர நித்திரை. நாலாம் நாள் மாஸ்க்குக்குள்ளேயே குறட்டை கேட்டது. ஏழாம் நாள் காலை தலையிடி, பத்து மணிக்குக் கடையில் கொட்டாவி. கார்டைப் பார்த்தால் ஏ.எச்.ஐ. 11. பெரும்பாலும் பாதித் தடைகள், அதாவது தொண்டை முழுதாக மூடாமல் ஒடுங்கியவை. மெஷின் காற்று தந்தது, ஆனால் போதுமான அளவு தரவில்லை.

பொடியனை நான் திட்டவில்லை. யோசித்த திசை சரி, தூரம்தான் பிழை. திட்டு வாங்க வேண்டியது பதினாலு மாதம் சும்மா இருந்த ஆள்.

நெஞ்சு நோய் நிபுணரோடு தொலைபேசியில் கதைத்தோம். அவர் சொன்ன ஒழுங்குதான் இந்தக் கேஸில் நான் படித்த பாடம். "முதல்ல மாஸ்க். அமுக்கத்தில கை வைக்காதேங்கோ. 13க்கே திரும்பப் போடுங்கோ." எனக்கு அது தலைகீழாகப் பட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. அடுத்த படியாக மெஷினைத் தானியங்கி முறையில் போடப் போகிறோம். அது மூச்சின் ஓட்டத்தைப் பார்த்துத் தானாக ஏற்றி இறக்கும். மாஸ்க் கசிந்தால் மூச்சின் வடிவம் அதற்குச் சரியாகத் தெரியாது, கண்டபடி ஓடும். அந்த எண்ணை நம்பி வைத்தால் பழையபடி பிழைதான். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைத் தீர்த்தது என்றும் தெரியாது.

முகத்தில் படுகிற மாஸ்க் மெத்தை பெரிய அளவுக்குப் பதிலாக நடுத்தர அளவு. உட்கார்ந்துகொண்டு அல்ல, படுத்த நிலையில், மெஷின் ஓடும்போதே பட்டியைச் சரிசெய்தோம். இருந்த நிலையில் கன்னம் ஒரு வடிவம், படுத்தால் இன்னொன்று. ஒரு வாரம் 13இலேயே ஓடியது. கசிவு 41இலிருந்து 12 லீற்றருக்கு வந்தது, விசில் நின்றது, அக்கா நித்திரை கொண்டார். ஆனால் வயிறு ஊதல் அப்படியே இருந்தது, ஒரு சொட்டுக் கூடுதலாகவே என்று சொல்லலாம். கசிந்து போன காற்றும் இப்போது உள்ளேதானே போகிறது! அந்த வாரத்தில்தான் சந்தேகம் தீர்ந்தது. அமுக்கம் அதிகம்.

அடுத்து இரண்டு வாரம் தானியங்கி, கீழெல்லை 6, மேலெல்லை 12. நடுவே ஓர் இரவு மைத்துனர் வீட்டுக் கொண்டாட்டம், இரண்டு கிளாஸ் விஸ்கி. அன்றைக்கு மட்டும் வரைபடம் 12ஐ முட்டிக்கொண்டு நின்றது. மது தொண்டைத் தசையைத் தளர்த்தும் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் "ஓ" என்றார். அந்த இரவைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம். மற்ற இரவுகளில் நடுத்தர அமுக்கம் 7.4. நேரத்தில் 95 சதவீதமும் 9.2க்குள் அடங்கியது. ஏ.எச்.ஐ. 2.1. மூளையின் கட்டளை தவறி வருகிற மூச்சு நிறுத்தங்கள் மணிக்கு ஒன்றுக்கும் குறைவு, அதனால் அந்தக் கவலையும் இல்லை.

நிலையான 9 என்று நிபுணர் முடிவெடுத்தார். தானியங்கியிலேயே விட்டால் என்ன என்று கேட்டேன். விடலாம், பலருக்கு அதுவே நல்லது. ஆனால் இவர் அமுக்கம் ஏறும்போதெல்லாம் விழிக்கிற ஆள். 13ஓடு நாலு வருடம் ஒரே சீராக இருந்து பழகியவர். 9இல் பத்து நாளில் வயிறு அமைதியானது. ஒமிப்ரசோலை நிறுத்தினேன். பாவிக்கும் நேரம் ஆறரை மணிக்கு ஏறியது. மூக்குத் தழும்பு ஆறி மங்கலாக ஒரு கோடு மட்டும்.

ஒரு சின்னப் பிரச்சினை மிஞ்சியது, குழாயில் தண்ணீர் கட்டுவது. ஏசியை 20இல் போட்டுக்கொண்டு, ஈரப்பதன் தருகிற தட்டையும் உச்சத்தில் வைத்தால் கொழும்பில் வேறென்ன நடக்கும்? தட்டின் அளவைக் குறைத்து, குழாய்க்கு ஒரு துணி உறை தைத்தார்கள். துணிக்கடைக்காரர் வீட்டில் அதற்கா பஞ்சம்.

நிறை இவ்வளவு குறைந்துவிட்டதே, மெஷினே வேண்டாமோ என்ற கேள்வி எப்படியும் வரும். அவருக்கு அதைவிட ஒரு படி மேலே யோசனை. "என்ர தம்பியும் குறட்டை விடுறவன். மெஷினை அவனுக்குக் குடுத்தா என்ன?" இங்கே மெஷின் பெரும்பாலும் கைக்காசில் வாங்குவது, ஆகவே இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு உண்டு. கொடுக்கக்கூடாது என்று நான் சட்டம் பேசவில்லை. ஆனால் தம்பி சோதனை செய்யவே இல்லை, அண்ணனுடைய அமுக்கத்தோடு அவர் படுத்தால் அது அவர் தொண்டைக்கு அளந்ததாக இருக்காது. அண்ணனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோலத்தான், இதில் வழுக்கினால் தெரியாது என்பதுதான் வித்தியாசம். தம்பியைச் சோதனைக்கு அனுப்பினேன். அது வேறு கதை.

இவருக்கு மெஷின் இல்லாமல் ஒரு வீட்டுச் சோதனை செய்தோம். விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டி. முதல்நாள் நிறுத்தி மறுநாள் சோதிக்கவில்லை. நாலு வருடம் காற்றுப் பட்ட தொண்டையில் வீக்கம் வற்றியிருக்கும், உடனே சோதித்தால் உண்மையைவிட நல்ல எண் வரக்கூடும். மூன்று இரவு மெஷின் இல்லாமல் படுத்து நாலாம் இரவு சோதித்தோம். அந்த நாட்களில் கார் ஓட்டக்கூடாது என்று சாவியை அக்காவிடம் கொடுக்கவைத்தேன். மணிக்கு 17 வந்தது. 46இலிருந்து 17. வீட்டுச் சோதனை நித்திரை நேரத்தால் அல்ல, பதிவான நேரத்தால் வகுக்கும், ஆகவே உண்மை இதைவிடச் சற்றுக் கூட இருக்கலாம். பிரித்துப் பார்த்தால் பக்கவாட்டில் படுத்தபோது 6, மல்லாக்கப் படுத்தபோது 31.

2000ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க விஸ்கொன்சின் ஆய்வு ஒன்று இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். நிறை 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சராசரியாக 26 சதவீதம் குறையும் என்றது அது. 10 சதவீதம் கூடினால் 32 சதவீதம் ஏறும். குறைவதைவிட ஏறுவது வேகம், கவனித்தீர்களா? இவர் அந்தச் சராசரியைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறார். ஆனாலும் 17 என்பது மிதமான வருத்தம், இல்லாத வருத்தம் அல்ல. அவருடைய கீழ்த்தாடை பிறவியிலேயே சற்று உள்வாங்கியது. நடந்து அதைக் குறைக்க முடியாது.

மெலிய வைக்கிற ஊசி பற்றியும் கேட்டார். எல்லாரும் கேட்கிறார்கள். டிர்செப்படைட் என்ற ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உடற்பருமன் உள்ளவர்களின் மிதமான, கடுமையான மூச்சுத்தடைக்கு அங்கீகரித்தது உண்மை. அதுவும் வேலை செய்வது பெருமளவு நிறையைக் குறைத்துத்தான், அதை இவர் மரைன் டிரைவிலேயே செய்துவிட்டார். ஊசி போட்டு மெலிகிறவர்களுக்கும் இதே மெஷின் பிரச்சினை வரும், இன்னும் சீக்கிரமாக. இப்போதெல்லாம் ஊசி எழுதிக் கேட்டு வருகிறவரிடம் வீட்டில் சீபாப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுக்கிறேன்.

மெஷின் 9இல் தொடர்வது என்று முடிவு. மல்லாக்கப் புரளாமல் இருக்க முதுகில் டெனிஸ் பந்து தைத்த பனியனும் போட்டுப் பார்த்தார், ஒரு வாரம்தான், அந்தக் கோலத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளை சிரித்ததால் கைவிட்டார். நிறை 10 சதவீதம், இவர் கணக்கில் ஏறக்குறைய எட்டுக் கிலோ, எந்தப் பக்கம் மாறினாலும் அமுக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு முன்னமே குறட்டையோ உப்புசமோ வந்தால் காத்திருக்க வேண்டாம் என்றும்.

ஆறு மாதம் கழித்து கார்டோடு மெஷினையும் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று, கடையில் துணி ரோலுக்கு விலை ஒட்டுகிற தாள். அதில் அண்ணையின் வியாபாரக் கையெழுத்தில் இரண்டு வரி: "104 – 13". கீழே "83 – 9". அதற்கும் கீழே, வேறு பேனையில், சின்ன எழுத்தில் மூன்றாவது வரி: "87 – ?"

"அது நான் எழுதினது" என்றார் அக்கா.